கோட்டைக்குள் ஒரு காடு

நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்கு வரும் வழியில், பேருந்தும் லாரியும் ஓயாமல் ஓடும் நெடுஞ்சாலையை ஒட்டியே புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. உள்ளே போய்ச் சிறிது தூரம் நடந்தால் போதும், ஹாரன் சத்தம் தேய்ந்து சில்வண்டின் இரைச்சல் காதை நிறைக்கும்.

சுமார் 90 ஏக்கர். நடுவே ஒரு குன்று. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில் பீரங்கி வார்த்த இடம் இது. 1741 குளச்சல் போரில் டச்சுத் தரப்பில் போரிட்டுப் பிடிபட்டு, பின்பு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டிலனாய் 1777இல் இறந்தபின் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறையில் லத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

இன்று வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. மானும் கூண்டுப் பறவைகளும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். எனக்கு என்னவோ வேலிக்கு வெளியே இருப்பதுதான் பெரிது: மரநிழலில் மட்கும் சருகின் மணம், கருங்கல் மதிலின் இடுக்கில் வேர்விட்ட செடிகள், கிளைகளுக்கிடையே துண்டு துண்டாய் விழும் வெயில். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் நம்முடையது. ஆனிச் சாரலில் பாசி படர்ந்த மதிலைப் பார்த்தால், அதைக் கட்டியது போருக்கு என்றே தோன்றாது.

பத்மநாபபுரம் அரண்மனை பார்க்க வருகிறவர்களில் பலர் இதைக் கடந்து போய்விடுகிறார்கள். இரண்டு கிலோமீட்டர்தான். காலையில் வாருங்கள்; பிளாஸ்டிக் பையை மட்டும் உள்ளே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.