கதவோரத்து ஸ்டிக்கர்

பிக்கப் வண்டியின் தொட்டியில் மாட்டும் பாப்-அப் கேம்பர் விற்கிறவர்கள் படுக்கையின் அகலத்தைச் சொல்வார்கள், கூரையைத் தூக்கினால் தலை முட்டாமல் நிற்கலாம் என்பார்கள். பிக்கப்பின் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில், வண்டி எவ்வளவு எடை சுமக்கலாம் என்று சொல்லும் ஒரு ஸ்டிக்கர் தெரியும். அதைப் பற்றி மட்டும் வாயே திறப்பதில்லை. என் டொயோட்டா டகோமாவில் அது 1,240 பவுண்டு, அதாவது 562 கிலோ. ஆட்கள், சாமான், கேம்பர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

நான் வாங்கியது உள்ளே ஒன்றுமில்லாத அலுமினியக் கூடு, 363 கிலோ. நானும் மனைவியும் 136. மிச்சம் 63 கிலோவில் ஒரு குடித்தனம்! பேட்டரி, ஃப்ரிட்ஜ், மெத்தை, அடுப்பு, சிலிண்டர், தண்ணீர் என்று ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தத்தின் எடைமேடையில் நிறுத்தினேன். 57 கிலோ அதிகம். பின்பக்கம் அமுங்கியிருந்ததால் ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப் பை மாட்டியிருந்தேன். வண்டி நிமிர்ந்தது உண்மைதான். ஆனால் ஸ்டிக்கர் எண் அதனால் ஒரு பவுண்டுகூட உயராது. அச்சும் பிரேக்கும் பழையவைதானே.

பிறகு இறக்கத் தொடங்கினேன். இரண்டு தண்ணீர் கேனில் ஒன்று போனது, 19 கிலோ. மடக்கு நாற்காலிகள், கருவிப்பெட்டி, இரண்டாவது சிலிண்டர். கடைசியில், மனைவி முறைத்தாலும், இரும்புத் தோசைக்கல். பேட்டரியில் மட்டும் ஆரம்பத்திலேயே புத்தி வேலை செய்திருந்தது: 100 ஆம்பியர்-மணி லித்தியம் 12 கிலோதான், அதே அளவு ஈய பேட்டரி 30 கிலோ வரும், அதிலும் பாதியைத்தான் நிம்மதியாகச் செலவழிக்கலாம். கூரையிலுள்ள 160 வாட் சோலார் தகடு ஃப்ரிட்ஜை ஓட்டிவிடுகிறது. மழை நாளில் மட்டும் எஞ்சின் வழியாகச் சார்ஜ் ஏற்ற வேண்டியிருந்தது.

கூரையைத் தூக்க ஒரு நிமிடம். ஆறு கொக்கிகளை அவிழ்த்து, உள்ளே போய் முன்பலகையை உந்தி, பிறகு பின்பலகையை உந்தினால் கேஸ் ஸ்ட்ரட் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இறக்குவதில்தான் சூட்சுமம். கூரை ஜன்னலைத் திறந்து வைக்காவிட்டால் உள்ளிருக்கும் காற்றுக்குப் போக்கிடம் இருக்காது. துணிச்சுவர் வெளியே பிதுங்கிச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளும். முதல் வாரமே அப்படிச் செய்து ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்தேன். தப்பு முழுக்க என்னுடையது.

யூட்டாவில், பிரைஸ் கேன்யன் பக்கம் 2,400 மீட்டர் உயரத்தில் மூன்று இரவு. அங்கே தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு லேசில் வேகாது. ஆனால் மூன்று விசிலுக்குள் துணிச்சுவரெல்லாம் வேர்த்துவிட்டது. ராத்திரி இரண்டு பேர் விடும் மூச்சும் சேர, விடியலில் அலுமினியச் சட்டத்திலிருந்து சொட்டு சொட்டாக நெற்றியில் விழுந்தது. இப்போது சமையல் வெளியே, பின்கதவுப் பலகையில். தூங்கும்போது குளிரானாலும் இரண்டு ஜன்னல் விரற்கடை அளவு திறந்திருக்கும். ஹீட்டர் எரியும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் படுக்கவே கூடாது. பலத்த காற்றடித்தால் துணி படபடக்கும். தூக்கம் மெல்லியவர்களுக்கு இது ஆகாது.

ஓட்டும்போதுதான் இதன் அருமை தெரிகிறது. மடக்கிய கூரை கேபினைவிடக் கொஞ்சம்தான் உயரம். பக்கக் காற்றில் ஆட்டமில்லை. முன்பு லிட்டருக்கு 8.5 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 7 கொடுக்கிறது. டிரெய்லர் இழுத்துப் போக முடியாத செம்மண் தடங்களில் இது போகிறது. அங்கே அரசின் பொது நிலத்தில் பல இடங்களில் காசில்லாமல் 14 நாள் வரை தங்கலாம்.

இன்னொரு தரம் வாங்குவதானால் முதலில் கேம்பரை முடிவு செய்து, அதைச் சுமக்கிற வண்டியைப் பிறகு தேடுவேன்; நான் தலைகீழாகச் செய்துவிட்டேன். ஏற்கெனவே வண்டி வைத்திருப்பவர்கள் எடைமேடைக்குப் போய்விட்டுக் கடைக்குப் போங்கள். மாட்டிய பிறகு முதல் 100 மைலில் ஒருமுறை இறங்கி, கேம்பரைத் தொட்டியோடு பிணைக்கும் நான்கு டர்ன்பக்கிளையும் கையால் திருகிப் பாருங்கள். எனக்கு இரண்டு தளர்ந்திருந்தன.