காரணம் சொல்லாத பாயிரம்: மேலாண்மைப் பேராசிரியர்களின் ஆய்வு ஆர்வங்களை வாசித்தல்

எந்த மேலாண்மைக் கல்வி நிறுவனமானாலும் அதன் ஆசிரியர் பட்டியல் ஏறக்குறைய ஒரே அச்சில்தான் வார்க்கப்பட்டிருக்கும். பெயர், படம், பதவி, முனைவர் பட்டம் பெற்ற பல்கலைக்கழகம், கற்பிக்கும் பாடங்கள், கடைசியாக ஆய்வு ஆர்வங்கள். தமிழ் படித்தவர்களுக்கு இந்த அமைப்பு பழக்கமானதுதான். நூலுக்கு முன்னால் பாயிரம் வேண்டும் என்பது நம் மரபு. ஆக்கியவர் யார், எந்த வழியில் வந்தவர், நூல் எதைப் பேசுகிறது, யார் கேட்கத் தகுந்தவர்கள், கேட்டால் என்ன பயன் என்பதையெல்லாம் சிறப்புப்பாயிரம் சொல்லிவிடும். நன்னூல் இப்படி எட்டுச் செய்திகளைக் கேட்கிறது. காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வோரும் உண்டு என்கிறது.

மேலாண்மைப் பேராசிரியரின் பாயிரத்தில் எட்டில் பலவும் கிடைத்துவிடும். கிடைக்காதவை கடைசி மூன்றும்தான். இந்த அறிவு எந்தக் காலத்தில், எந்தக் களத்தில், யாரை வைத்து, என்ன காரணத்துக்காக உண்டானது என்பது அங்கே இருக்காது. தலைமைத்துவம், ஊக்குவிப்பு, குழுச் செயல்பாடு, பேச்சுவார்த்தை என்று வரிசையாகச் சொற்கள் வரும். எல்லாம் எல்லோருக்கும் பொதுவானவை போன்ற சொற்கள். சிலருடைய வரிசையில், பெரும்பாலும் ஒரு பெண்ணின் பெயருக்குக் கீழே, கடைசியாக 'பாலினம்' என்ற சொல் வந்து நிற்கும். ஊக்குவிப்பும் குழுச் செயல்பாடும் எல்லா மாணவர்களுக்கும் கட்டாயப் பாடமாக இருக்க, பாலினம் பெரும்பாலும் விரும்பியவர் எடுக்கும் விருப்பப் பாடமாகிவிடுகிறது.

பாலினம் இந்தத் துறைக்குப் பின்னாளில் வந்து சேர்ந்த ஆர்வம் என்ற எண்ணத்தை இந்த வரிசை உண்டாக்குகிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. துறையின் அடித்தளத்திலேயே பெண்களின் உழைப்பும் உடலும் இருக்கின்றன. அவற்றின் மேல் பொதுப்பெயர் எழுதப்பட்டது, அவ்வளவுதான்.

பி.பி.ஏ. மாணவிகள் பகுதி ஒன்று தமிழுக்கு என் வகுப்பில் வந்து உட்காருகிறார்கள். ஹாதார்ன் ஆய்வு என்றால் அவர்களுக்குத் தெரியும். மேலாண்மைக் கோட்பாட்டு வரலாற்றில் அது தவறாமல் வரும் பெயர். அமெரிக்காவில் சிகாகோவை ஒட்டிய சிசரோ நகரில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலை இருந்தது. அங்கே 1927இல் தொலைபேசி ரிலே பூட்டும் வேலையைத் தனி அறைக்கு மாற்றிச் சோதித்தார்கள். ஓய்வு நேரத்தையும் வேலை நேரத்தையும் கூலி முறையையும் மாற்றிப் பார்த்தபோது உற்பத்தி உயர்ந்தது. தம்மீது அக்கறை காட்டப்படுகிறது என்று உணர்ந்ததும் தொழிலாளர்கள் நன்றாக உழைத்தார்கள் என்ற முடிவு அதிலிருந்து பிரபலமானது. ஹார்வர்டு மேலாண்மைப் பள்ளிப் பேராசிரியர் எல்டன் மேயோவின் பெயரோடு 'மனித உறவுகள்' என்ற சிந்தனைப் பள்ளியே இதன்மேல் எழுந்தது.

'தொழிலாளர்கள்' என்ற சொல்லைக் கவனியுங்கள். தமிழில் அது பலர்பால். ஆண்களையும் பெண்களையும் ஒன்றாக மூடிவிடும். அந்த அறையில் வேலை செய்தவர்கள் இளம்பெண்கள். ரிலே பூட்டியவர்கள் ஐந்து பேர், பாகங்களை எடுத்துக் கொடுத்தவர் ஒருவர். குறிப்பெடுத்தவரும் மேற்பார்வையாளரும் ஆண்கள். அந்தப் பெண்கள் அவ்வப்போது மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டார்கள். அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்ற புகாரின் பேரில் 1928 ஜனவரியில் இரண்டு பெண்களை அறையிலிருந்து மாற்றிவிட்டு வேறு இருவரைக் கொண்டுவந்தார்கள். அக்கறைக்கு மகிழ்ந்து உற்பத்தியைக் கூட்டினார்கள் என்று பாடம் சொல்கிற குழு, பேசியவர்களை நீக்கிய பிறகு மிஞ்சிய குழு.

அதே ஆலையில் 1931 முதல் 1932 வரை இன்னொரு அறையையும் கவனித்தார்கள். அங்கே கம்பி இணைக்கும் வேலையில் இருந்தவர்கள் ஆண்கள், 14 பேர். அவர்களுடைய வேலையில் கைவைக்காமல் பார்வையாளர் ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவுதான் செய்வோம் என்று அவர்கள் தங்களுக்குள் அளவு வைத்துக்கொண்டு உற்பத்தியைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள். ஆண்கள் பேசி வைத்துக்கொண்டது 'குழு நெறி' என்று கோட்பாடாயிற்று. பெண்கள் பேசியது ஒத்துழையாமை ஆயிற்று.

இரண்டு அறைகளிலும் நடத்தப்பட்ட விதமே வேறு, அந்த வேறுபாடு பாலினம் சார்ந்தது, ஆகவே முடிவுகளைப் பொதுவாக்குவதில் சிக்கல் இருக்கிறது என்று ஜோன் ஆக்கரும் டொனால்டு வான் ஹூட்டனும் 1974இல் எழுதினார்கள். ஆய்வு தொடங்கி ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து வந்த வாசிப்பு அது. இருவரும் சமூகவியலாளர்கள்.

ஆய்வறையில் பெண்களை மறைத்தது பொதுச்சொல் என்றால், வகுப்பறையில் அதைச் செய்தது கதை. மேலாண்மைக் கல்வியின் புகழ்பெற்ற கற்பித்தல் முறை கேஸ் ஸ்டடி. ஒரு நிறுவனம், அதில் ஒரு சிக்கல், முடிவெடுக்க வேண்டிய ஒருவர். மாணவர்கள் அவர் இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். இலக்கியம் படிப்பவர்கள் இதைக் கதைசொல்லல் என்று உடனே கண்டுகொள்வார்கள். தலைவன் யார் என்ற கேள்வியும் உடனே எழும். இந்த முறையை வளர்த்தெடுத்த ஹார்வர்டு மேலாண்மைப் பள்ளி 1908இல் தொடங்கியது. அதன் இரண்டாண்டு எம்.பி.ஏ. படிப்பில் முதலாண்டிலிருந்தே பெண்கள் சேர முடிந்தது 1963இல். எட்டுப் பேர் சேர்ந்தார்கள். பள்ளியில் பெண்கள் நடத்தப்பட்ட விதத்துக்காக அதன் டீன் நிதின் நோரியா 2014 ஜனவரியில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். கேஸ்களில் சுமார் 9 விழுக்காட்டில் மட்டுமே பெண் மையப் பாத்திரமாக இருக்கிறார், ஐந்தாண்டுகளில் இதை 20 விழுக்காடாக்குவோம் என்றும் சொன்னார். நூறாண்டு கடந்த பள்ளி தன் இலக்காக வைத்துக்கொண்டது ஐந்துக்கு ஒரு கதை.

பெண் மையப் பாத்திரமாகிவிட்டால் மட்டும் போதுமா? சிலிக்கான் பள்ளத்தாக்கின் தொழில்முனைவோர் ஹைடி ராய்சன் பற்றி ஹார்வர்டில் ஒரு கேஸ் எழுதப்பட்டது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஃபிராங்க் ஃபிளின், தன் மாணவர்களில் ஒரு பகுதியினருக்குப் பெயரை ஹோவர்டு என்று மாற்றிக் கொடுத்தார். மற்ற எதையும் மாற்றவில்லை. இருவரும் சம திறமைசாலிகள் என்றே மாணவர்கள் மதிப்பிட்டார்கள். ஆனால் ஹோவர்டு பிடித்தமானவர், ஹைடி சுயநலக்காரி. வாசகரின் மனம் மாறாமல் பாத்திரத்தின் பெயரை மட்டும் மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

இந்தக் கல்விமுறை நம் நாட்டுக்கும் வந்தது. 1961இல் தொடங்கப்பட்ட அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகம் ஹார்வர்டின் ஒத்துழைப்போடு வளர்ந்தது. கேஸ் ஸ்டடி அங்கே முதன்மையான கற்பித்தல் முறையாயிற்று. அக்கழகத்தின் முதல் ஆசிரியர் ஒரு பெண் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கமலா சௌத்ரி சமூக உளவியலாளர், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அகமதாபாத் ஜவுளித் தொழில் ஆராய்ச்சிச் சங்கத்தில் மில் தொழிலாளர்களின் மனநிலையையும் வேலைச் சூழலையும் ஆராய்ந்துவிட்டு வந்தவர். தொடக்க ஆண்டுகளில் கழகத்தின் பாடத்திட்டங்களை ஒருங்கிணைத்தார். 1965இல் முதல் முழுநேர இயக்குநராக வந்தவர் ரவி மத்தாய். நிறுவனர் என்று விக்ரம் சாராபாயின் பெயரையும், கட்டியெழுப்பியவர் என்று மத்தாயின் பெயரையும் சொல்லும் வேகத்தில் கமலாவின் பெயர் வருவதில்லை.

அதே அகமதாபாத்தில் 1972இல் இன்னொரு அமைப்பு பிறந்தது. தலைச்சுமை தூக்குபவர்கள், வண்டி இழுப்பவர்கள், பழந்துணி விற்பவர்கள், வீட்டிலேயே பொருள் தயாரிப்பவர்கள் எனப் பெண்களைத் திரட்டி இளா பட் சேவா தொழிற்சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் துறை முதலில் பதிவு செய்ய மறுத்தது. முதலாளி இல்லாதபோது யாரை எதிர்த்துச் சங்கம் என்று கேட்டார்கள். வேலை செய்பவர்கள் ஒன்றுசேர்வதற்குத்தான் சங்கம் என்று வாதாடிப் பதிவு பெற்றார்கள். 1974இல் தலைக்குப் பத்து ரூபாய் போட்டு நாலாயிரம் பெண்கள் வங்கியும் தொடங்கினார்கள். முதலாளி இல்லையென்றால் அமைப்பே இல்லை என்ற அந்த அதிகாரியின் தர்க்கம் அவருடையது மட்டுமல்ல. ஆலையையும் அலுவலகத்தையும் பார்த்து உருவான 'நிறுவன நடத்தை' என்ற பாடமும் அமைப்பு என்றால் மேலிருந்து நடத்தப்படுவது என்றே தொடங்குகிறது. தலைமைத்துவம் பற்றி மேலாண்மை மாணவிகள் படிக்கும்போது, சுங்குடிக்கு முடிச்சுப் போடும் பெண்களோ, பூக்கட்டும் பெண்களோ தங்களுக்குள் வேலையைப் பகிர்வது தலைமைத்துவமாகத் தோன்றாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாலினத்தை நேர்மையாக ஆராயும் பேராசிரியர்கள் இந்தப் பள்ளிகளிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதும் பார்க்க வேண்டியது. ஹார்வர்டின் ராபின் எலி, சமூகவியலாளர் ஐரீன் படாவிக், எரின் ரீட் மூவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. உலகளாவிய ஆலோசனை நிறுவனம் ஒன்று, தன்னிடம் பெண்கள் ஏன் தங்குவதில்லை, ஏன் மேலே வருவதில்லை என்று கண்டுபிடிக்க அழைத்தது. குடும்பப் பொறுப்புதான் காரணம் என்பது நிறுவனத்தின் நம்பிக்கை. ஆய்வாளர்கள் கணக்கைப் பார்த்தார்கள். ஆண்களும் அதே அளவில்தான் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். வாடிக்கையாளருக்குத் தேவைக்கு மேல் வாக்குக் கொடுத்துவிட்டு இரவு பகலாக உழைக்கும் பழக்கம் எல்லோரையும் வதைத்தது. பெண்களுக்கென்று தரப்பட்ட பகுதிநேரச் சலுகைகள்தான் அவர்களுடைய உயர்வை நிறுத்தின. நிறுவனத் தலைமை இதை ஏற்கவில்லை. பெண்களின் பிரச்சினை என்றால் கேட்கத் தயார். வேலை நேரமே பிரச்சினை என்றால் கேட்கத் தயாரில்லை. 'பாலினம்' ஒரு தனி ஆர்வமாகக் கடைசியில் நிற்கும்வரை யாருக்கும் தொந்தரவு இல்லை. அது முதல் வரியைத் தொட வரும்போதுதான் கதவு சாத்தப்படுகிறது.

இலக்கிய மாணவிகள் தவறாமல் படிக்க வேண்டிய மேலாண்மைக் கட்டுரை ஒன்றைச் சொல்கிறேன். ஸ்டான்ஃபோர்டு மேலாண்மைப் பள்ளியின் ஜோன் மார்ட்டின் 1990இல் எழுதியது. ஒரு கூட்டத்தில் ஒரு நிறுவனத் தலைவர், பெண்களுக்குத் தாங்கள் செய்யும் உதவியைப் பெருமையாகச் சொல்கிறார். முக்கியமான பொருள் ஒன்று அறிமுகமாகும் நாளை ஒட்டி ஓர் இளம் ஊழியர் தன் சிசேரியனை வைத்துக்கொண்டார். வீட்டிலிருந்தே நிகழ்ச்சியைப் பார்க்கத் தொலைக்காட்சி இணைப்பு ஏற்பாடு செய்தோம் என்கிறார். மார்ட்டின் அந்தச் சில வாக்கியங்களை எடுத்துக் கட்டுடைக்கிறார். எது சொல்லப்பட்டது, எது சொல்லப்படவில்லை, யாருடைய வசதி யாருக்கான உதவியாக மாறுகிறது என்று சொல் சொல்லாகப் பார்க்கிறார். சிசேரியனை எடுத்துவிட்டு, ஓர் ஆணின் இதய அறுவை சிகிச்சையை அங்கே வைத்தும் வாசிக்கிறார். அப்போது அந்தப் பெருமை என்னவாகிறது என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

அவர் பயன்படுத்தியது நம்முடைய கருவி. செய்யுளில் எச்சத்தையும் தொக்கு நிற்பதையும் தேடிப் பழகிய கண்ணுக்கு, கேஸ் ஸ்டடியும் ஆசிரியர் பட்டியலும் வாசிக்க முடியாத நூல்கள் அல்ல. 'ஆர்வம்' என்ற சொல்லிலேயே தொடங்கலாம். ஆர்வம் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம். கூலியில் பாதி வெட்டப்படுவதும், பேசியதற்காக வேலையிடம் மாற்றப்படுவதும் ஒருவருடைய ஆர்வத்துக்குக் காத்திருக்கும் விஷயங்கள் அல்ல.

எம்.பி.ஏ. சேரப்போகும் மாணவிகள் ஆசிரியர் பட்டியலைப் பார்க்கும்போது, பாலினம் யாருடைய ஆர்வம் என்று மட்டும் தேடாதீர்கள். ஊக்குவிப்பு தன் ஆர்வம் என்று எழுதியிருப்பவரின் வகுப்பில் கையை உயர்த்தி, ஹாதார்ன் அறையில் இருந்தவர்கள் யார் என்று கேளுங்கள். நீக்கப்பட்ட இரண்டு பேர் என்ன பேசிக்கொண்டிருந்திருப்பார்கள் என்றும் கேளுங்கள்.