ஆசாரமும் ஆஸ்பத்திரியும்

செஞ்சி என்றவுடன் ராஜா தேசிங்கின் குதிரையும் ராஜகிரியின் உச்சியும் நினைவுக்கு வருவது இயல்பே; 2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், மராட்டியர் ஆண்ட பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இக்கோட்டை இடம்பெற்றபின் அந்நினைவு இன்னும் வலுப்பெற்றிருக்கிறது. ஆயினும், வைத்தியத்தைக் குறித்துச் சிந்திக்கப் புகுந்தவர்க்கு ஊரை அடுத்துள்ள திருநாதர்குன்றே அதிகப் பிரயோசனமானது. அங்கே ஒரே பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களின் திருவுருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உணவு துறந்து உயிர் நீத்த செய்தியைச் சொல்லும் பழங்கல்வெட்டு ஒன்றும் இருக்கிறது. உணவையும் உடலையும் மரணத்தையும் பற்றி மருத்துவப் பாடநூல்கள் கொண்டிருக்கும் அபிப்பிராயத்துக்கு முற்றிலும் வேறான ஓர் அபிப்பிராயம் இவ்வட்டாரத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வேரூன்றியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. தமிழ்ச் சமணர்களின் மடம் செஞ்சி வட்டத்து மேல்சித்தாமூரில் இன்றும் நடைபெறுகிறது.

நோயாளியின் பண்பாட்டை அறிந்து சிகிச்சை செய்ய வேண்டும் என்ற கொள்கை, மேனாட்டில் மடலின் லெனிங்கர் என்ற செவிலியர் அறிஞராலும், நோயாளி தம் நோயைப் பற்றித் தாமே கொண்டுள்ள விளக்கத்தைக் கேட்டறிய வேண்டும் என்று வற்புறுத்திய ஆர்தர் கிளைன்மன் என்ற மனநல மருத்துவராலும் ஒரு கல்வித்துறையாகவே வளர்க்கப்பட்டது. நம் நாட்டிலும் 2019ஆம் ஆண்டு முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மனப்பான்மை, அறநெறி, உரையாடும் திறன் ஆகியவை தனிப் பகுதியாகச் சேர்க்கப்பட்டுள்ளன. கொள்கை நல்லதே. ஆனால், அது நடைமுறைக்கு வரும்போது எவ்வுருவம் கொள்கிறது என்பதைப் பொறுத்தே அதன் நன்மையும் தீமையும் அமைகின்றன.

முதலில் நன்மையைப் பார்ப்போம். ஆசாரம் தவறாத சமணக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் நீரிழிவுக்காக ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்று கொள்வோம். மருந்தாளுநர் மாத்திரை உறையின்மேல் காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டிற்குப் பின் என்று குறித்துக் கொடுக்கிறார். பெரியவரோ பொழுது சாய்ந்தபின் உண்ணாதவர். ஆகையால், அந்தி உணவை முடித்து நெடுநேரம் கழித்து, வெறும் வயிற்றில், டாக்டர் சொன்னபடியே ஒன்பது மணிக்கு மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுக்கிறார். கிளிபென்கிளமைடு, கிளைமிபிரைடு போன்ற மருந்துகள் உணவில்லா வேளையில் இரத்தத்துச் சர்க்கரையை அபாயமான அளவுக்குத் தாழ்த்தக்கூடியவை. வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் நள்ளிரவில் வந்தால் வீட்டார் அதை வேறு எதுவென்றெல்லாமோ எண்ணுவர். மருத்துவர் சொல்லைத் தட்டாமல் நடந்ததே இங்கே ஆபத்தாக முடிகிறது. பரிகாரமோ மிக எளிது: இரவு மாத்திரையை அந்தி உணவோடு சேர்த்துவிட்டால் போதும். அதற்கு, "ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?" என்று ஒருவர் கேட்டிருக்க வேண்டும்.

இத்துடன் முடிவதில்லை. சமண தர்மம் மதுவையும் மாமிசத்தையும் விலக்கும் அதே கண்டிப்போடு தேனையும் விலக்குகிறது. சித்த வைத்தியத்திலோ சூரணம் என்றால் பெரும்பாலும் தேன்தான் அனுபானம். நம் மண்ணின் வைத்தியமாயிற்றே, மண்ணின் மக்களுக்கெல்லாம் அது தானாகவே ஒத்துப்போகும் என்று நம்புகிறவர்கள் இதைச் சற்று யோசிக்கலாம். ஆங்கில வைத்தியத்திலும் மருந்துக்கூட்டின் உறை பெரும்பாலும் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படும் ஜெலட்டினால் ஆனது. கர்ப்பிணிக்கு முட்டை சாப்பிடச் சொல்வது பொதுவாக நல்ல யோசனை. நயினார் என்று அழைக்கப்படும் தமிழ்ச் சமணர் வீட்டுப் பெண்ணிடம் அதை மட்டுமே சொல்லி, பயறும் பாலும் கடலையும் பற்றி வாய் திறவாமல் அனுப்புவது யோசனை சொல்லாததற்குச் சமம்.

குறை எங்கே தொடங்குகிறது என்றால், இவ்வறிவு பட்டியலாக மாறும் இடத்தில். "சமணர் இரவில் உண்ணார், கிழங்கு கொள்ளார், இன்ன வகுப்பார் இன்னது செய்வர்" என்று அரைநாள் பயிற்சி வகுப்பில் எழுதிக்கொண்ட மருத்துவர், சென்னையில் கணினி வேலை பார்த்துவிட்டு நள்ளிரவில் பரோட்டா தின்னும் அதே வீட்டு இளைஞனிடம், கேளாமலே அந்திநேர மருந்தைக் குறித்துக் கொடுப்பார். முன்பு அறியாமையால் செய்த பிழையை இப்போது அறிவால் செய்கிறார், வித்தியாசம் அவ்வளவே. அமெரிக்காவில் மெலனி டெர்வலன், ஜான் முர்ரே-கார்சியா என்ற இரு மருத்துவர்கள், பண்பாட்டில் தேர்ச்சி பெற்றுவிட்டோம் என்னும் எண்ணத்தைக் கைவிட்டு அடக்கத்தோடு கேட்டுக் கற்றுக்கொண்டே இருக்க வேண்டும் என்று 1998இல் எழுதியது இக்காரணம் பற்றியே. மரணத் தறுவாயில் உணவை மறுக்கும் முதியவரை எண்ணிப் பாருங்கள். அது உண்ணாது உயிர் துறக்கும் சல்லேகனை என்ற சமண விரதமா, மனச்சோர்வா, தொண்டையில் வந்த கட்டியா? எந்தப் பட்டியலும் விடை சொல்லாது. சல்லேகனையைத் தற்கொலை என்று ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளிக்க, அதே மாதத்தில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. சட்டமே தயங்கும் இடத்தில் மருத்துவர் நோயாளியின் அருகில் அமர்ந்து பேசுவதைத் தவிர வேறு வழியில்லை.

எல்லா ஆசாரத்துக்கும் தலைவணங்க வேண்டுமா என்ற வினாவும் உண்டு. வேண்டியதில்லை. பிறந்த சிசுவுக்குச் சீம்பாலைக் கொடுக்காமல் பீய்ச்சிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாகத் தொட்டு வைப்பதைத் தடுத்தே ஆக வேண்டும். ஆனால், சேனை வைக்க வந்த பாட்டியை வார்டில் நாலு பேர் முன்னிலையில் அதட்டித் துரத்துவது தடுப்பதாகாது. குழந்தையை முதலில் அவர் கையில் கொடுத்து ஆசீர்வதிக்கச் செய்து, "பாட்டி, மொதப் பால நீங்களே குடுக்கச் சொல்லுங்க" என்று காரியத்தை முடிக்கிற கிராம சுகாதாரச் செவிலியரே இக்கலையில் உண்மையான தேர்ச்சி பெற்றவர். அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பு இவ்வழியில் நல்ல முயற்சிதான். வளையலோடு சத்துணவு ஆலோசனையும் போய்ச் சேர்கிறது.

மேல்மலையனூரை விட்டுவிட்டு இவ்வட்டாரத்தில் வைத்தியத்தைப் பேச இயலாது. அமாவாசை இரவில் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்கு வரும் பெருங்கூட்டத்தில் மனம் பேதலித்தவர்களை அழைத்துவரும் குடும்பங்களும் உண்டு. அவர்களைப் பார்த்து மூடநம்பிக்கை என்று சிரிப்பது எளிது. தெய்வச் சந்நிதியில் எல்லாம் சரியாகும் என்று விட்டுவிடுவதும் எளிது. பின்னதன் விளைவை ஏர்வாடியில் கண்டோம்: 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டனர். அதன்பின் ஏர்வாடி தர்காவிலும் குணசீலம் கோயிலிலும் பிரார்த்தனையோடு மருந்தையும் சேர்த்து வழங்கும் ஏற்பாடு வந்தது. தெய்வமா மாத்திரையா என்று குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாத இவ்வழியே விவேகமானது என்பது என் துணிபு. கோயில்வாசமே குணம் தரும் என்பார், வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 பேரின் நோய்க்குறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தன என்று ரகுராம் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டுவர். ஆய்வு மதிப்புடையதே; ஆயினும், கோயிலில் தங்காத ஒரு குழுவோடு ஒப்பிடாமல், 31 பேரைக் கொண்டு பெரிய கோட்டை கட்டலாகாது.

இவை எல்லாவற்றினும் பெரிய குறை வேறொன்று. பழங்குடியினரான இருளர்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை, அது அவர்கள் கலாசாரம் என்று சொல்லிக் கோப்பை மூடிவிடும் வழக்கத்தைத்தான் குறிப்பிடுகிறேன். செங்கல் சூளையில் முன்பணம் வாங்கியவர் ஒருநாள் கூலியை இழந்து, பேருந்து வராத பாதையில் நடந்து வந்து, வரிசையில் ஒருமையில் விளிக்கப்பட்டுத் திரும்பினால், மறுமுறை வாராமைக்குக் காரணம் கலாசாரமா? வறுமைக்கும் சாதி அவமதிப்புக்கும் பண்பாடு என்று பெயர் சூட்டுவது, குற்றத்தை அதற்கு இரையானவர் தலையிலேயே ஏற்றுவதாகும். வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துத்தரும் நஞ்சிலிருந்தே நாட்டின் பாம்புக்கடி மருந்தில் பெரும்பகுதி தயாராகிறது. அச்சங்கத்தைச் சார்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. எவரை அறியாதவர் என்று ஆஸ்பத்திரி நினைக்கிறதோ, அவர்களுடைய அறிவின் பயன் அதே ஆஸ்பத்திரியின் மருந்து அலமாரியில் இருக்கிறது.

ஆகவே, சுகாதாரத் துறையாரிடம் நான் வேண்டுவன சிலவே. பண்பாட்டுப் பயிற்சியைக் குளிர்சாதன அறையில் படம் காட்டி நடத்துவதை விடுத்து, முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மாணவர்களை மேல்சித்தாமூருக்கும் இருளர் குடியிருப்புக்கும் அழைத்துச் சென்று, அங்குள்ளவர்களையே ஆசிரியர்களாக அமர்த்தி, அன்றைய கூலியை இழக்கும் அவர்களுக்குச் சம்பளமும் கொடுக்கட்டும். வெளிநோயாளி சீட்டில் இரவு உணவு எப்போது என்று எழுத ஒரு கோடு அச்சிடட்டும். சூளைத் தொழிலாளர் வேலை முடித்து வரும் வகையில், வாரத்தில் ஒரு மாலையேனும் மருத்துவர் இருக்கட்டும்.