சுவரில் பல முகங்கள்

பல்லடத்து விசைத்தறிக் கூடங்களை அறிந்த நமக்கு ஓர் உண்மை தெரியும்: பாவு மட்டும் துணியாவதில்லை, ஊடை குறுக்கே ஓட வேண்டும். பொதுவிடத்துக் கலையும் அத்தகையதே. படைப்போர் விரித்து வைப்பது பாவு. காண்போரின் பார்வையே ஊடை. இந்த அளவுகோலைக் கொண்டு ஒரு சுவரோவியத்தை நோக்குவோம்.

சென்னை இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையச் சுவரில் 2021-இல் மக்கள் பார்வைக்கு வந்தது 'வி ஆர்' என்னும் பேரோவியம். 'நாம் இருக்கிறோம்' என்பது அதன் பொருள். எச்.ஐ.வி.யோடு வாழ்வோரை ஒதுக்கும் மனப்பான்மையை அகற்றுவதே நோக்கம். ஓவியர் ஏ-கில் முதலியோரும், ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும், மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும், ரயில்வே துறையும் இதற்காகக் கைகோத்தனர்.

சுவர் முழுவதும் பல தரப்பட்ட மனிதரின் முகங்கள். அவர்களுள் அக்கிருமியோடு வாழ்வோரும் உண்டு. எவர் என்பதை ஓவியம் சொல்வதில்லை. 'யார் அவர்?' என்று தேடத் தொடங்கும் நம் கண்ணே நம்மைக் காட்டிக் கொடுக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதல் கண்டறியப்பட்டது 1986-இல், இதே சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினரால். இன்று மருந்து நீண்ட ஆயுளைத் தருகிறது. அச்சமோ முற்றும் அகலவில்லை. ஒருவரது நோய்நிலையை அவரது இசைவின்றி வெளியிடலாகாது என்கிறது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். சட்டம் சொல்லால் விதித்ததை ஓவியம் தன் வடிவத்தாலேயே காக்கிறது. இதுவே அதன் உயர்வு.

எனினும் அந்த மௌனமே அதன் குறையும் ஆகிறது. செய்தி அறியாது விரைந்து செல்பவருக்கு அவை வெறும் அழகிய முகங்களே. கேள்வி எழாத இடத்தில் ஊடை ஓடுவதில்லை. அண்ணாந்து பார்க்க வைக்கும் பேருருவம் வியப்பைத் தரும். நெருக்கத்தைத் தருவது அரிது. அதற்கு அருகிருந்து எடுத்துரைக்கும் செவிலியரும் ஆசிரியரும் அண்டை வீட்டாரும் வேண்டும்.

பல்லடம் பேருந்து நிலையத்தருகே இத்தகைய ஒரு சுவர் எழுமாயின், ஓவியர் சாரம் ஏறுமுன் தறித் தொழிலாளரோடும், பனியன் கம்பெனிப் பெண்களோடும், வடமாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தோரோடும் அமர்ந்து பேசட்டும். அவர்கள் முகத்தை மட்டுமன்று, சொல்லையும் தரட்டும்.

தொழுநோயாளரை நம் ஆண்டவர் தொலைவில் நின்று வாழ்த்தவில்லை. கை நீட்டித் தொட்டார். கலை நம் கண்களைத் திறக்கலாம்; கையை நீட்ட வேண்டியவர்கள் நாமே.