இடக்கரடக்கலும் நம் இலக்கியமும்

நன்னூலைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் தகுதிவழக்கு என்னும் பகுதியை விரைந்து கடந்துவிடுவது வழமை. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றையும் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம் கூறி முடித்துவிடுகிறோம். மலங்கழித்து வந்ததைக் ‘கால் கழுவி வந்தான்’ என்று கூறுவது இடக்கரடக்கல் என்றதும் மாணவர் சிரிப்பர். நாமும் உடன் சிரித்துவிட்டு அடுத்த பகுதிக்குச் செல்வோம். பல ஆண்டுகளாக நாம் அவ்வாறே செய்து வந்திருக்கிறோம். சென்ற ஆண்டு ஒருநாள் அச்சிரிப்பு அடங்குமுன்னரே நம் மனம் துணுக்குற்றது. அடுத்த வகுப்பறையிலிருந்து சக ஆசிரியர் ஒருவர், பாதியில் விட்ட கணக்கு கரும்பலகையில் அப்படியே இருக்க, முற்றத்தைக் கடந்து ஓட்டமும் நடையுமாய்ப் போய்க்கொண்டிருந்ததைக் கண்டோம்.

அவர் மலக்குடற் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று மீண்டவர். அவருடைய அனுமதியுடனேயே இதனை எழுதுகிறோம். பெயர் வேண்டாம் என்பது அவர் விருப்பம். முதலில் ஏறத்தாழ 5 வாரம் கதிர்ச்சிகிச்சையும் மாத்திரையும். சில வாரங்கள் கழித்துச் சத்திரசிகிச்சை. தைத்த குடல் ஆறும்வரை வயிற்றில் வழி திறந்து, தற்காலிகமாக ஒரு பை. பின்னர் அவ்வழியையும் மூடிக் குடலைப் பழையபடி இணைத்தனர். நோய் நீங்கிவிட்டது என்று வைத்தியர் கூறினர். பாடசாலைக்குத் திரும்பிய அன்று காலைக்கூட்டத்தில் மாலையிட்டு வரவேற்றோம். ‘சுகம் வந்துவிட்டது’ என்று அனைவரும் மகிழ்ந்தோம். மாலை வாடுமுன்னரே அவருடைய உண்மையான சோதனை தொடங்கிவிட்டதை அன்று நம்முள் எவரும் அறிந்திலோம்.

மலக்குடல் ஒரு சேமிப்பறை. அதனை வெட்டி நீக்கியபின் எஞ்சிய குடல் அந்த வேலையைச் செய்யப் பழகவேண்டும். சிலருக்கு ஓராண்டு, ஈராண்டில் அது ஓரளவு பழகும். சிலருக்கு இறுதிவரை பழகுவதில்லை. உந்துதல் வந்தால் சில நிமிடங்கூடப் பொறுக்கவியலாது. சென்று வந்து அமர்ந்த பத்தாம் நிமிடத்தில் மீண்டும் செல்லவேண்டும். காற்றையும் அடக்கமுடியாது, சிலவேளை நீராய் வருவதையும் அடக்கமுடியாது. 2012இல் டென்மார்க் ஆய்வாளர்கள் இந்நிலையை அளப்பதற்கு ஐந்தே வினாக்கள் கொண்ட ஓர் அளவுகோலை வகுத்தனர். நம் நண்பர் அந்த ஐந்து வினாக்களுக்கும் விடையாக நாள்தோறும் வாழ்ந்துகொண்டிருக்கிறார்.

கலஹாப் பக்கமிருந்து கண்டிக்கு வரும் பஸ்ஸில் அவர் வருகிறார். வளைவும் மேடுமான அப்பாதையில் இடையில் இறங்கினால் ஒதுங்க இடமில்லை. ஆகவே விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, வயிறு அடங்கும்வரை வீட்டிலேயே காத்திருந்து, வெறும் வயிற்றோடு புறப்படுகிறார். இறங்கும் இடத்திலிருந்து பாடசாலைவரை எந்தக் கடைக்காரர் மனமிரங்கித் தம் மலசலகூடத்தைத் திறந்துவிடுவார் என்ற கணக்கை, எந்தச் சூத்திரத்தையும்விட நன்றாக அவர் அறிவார். பாடவேளை நாற்பது நிமிடம். ஆசிரியர் மலசலகூடமோ முற்றத்தின் மறுகோடியில். அதன் சாவி அலுவலக மேசையில்.

இனி நம் குற்றத்தையும் கூறிவிடுவோம். பதில் ஆசிரியர் அட்டவணை தயாரிக்கும் பொறுப்பு நம்முடையது. அவர் வகுப்பை விட்டு அடிக்கடி வெளியேறுகிறார் என்று குறைகூறியவருள் நாமும் ஒருவர். அதனை அறிந்தபின்னும் அவர் நம்மிடம் சினந்து பேசவில்லை. ஒருநாள் தேநீர் வேளையில், “சேர், நீங்கள் எவ்வளவோ கதை வாசித்தவர். என்னைப்போல ஒருவன் ஒழுங்காக ஒரு பாடம் எடுத்து முடிக்கிற கதை எங்கேயாவது இருக்கிறதா?” என்று கேட்டார். பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்றவர் என்ற பெருமிதத்தோடு உடனே விடையளிக்க வாய்திறந்தோம், விடை வரவில்லை. அவ்வினாவுக்கு நம் வாசிப்பிலிருந்து விடைதேடும் முயற்சியே இக்கட்டுரை.

முதலில் நினைவுக்கு வந்தது தோல்ஸ்தோய் 1886இல் வெளியிட்ட ‘இவான் இலியிச்சின் மரணம்’. நோயாளியின் மலசலம் அகற்றப்படுவதை உலக இலக்கியத்தில் நாணமின்றியும் அருவருப்பின்றியும் நோக்கிய படைப்புகளுள் அது முதன்மையானது. அவ்வேலையைச் செய்யும் கெராசிம் என்னும் குடியானவ இளைஞனே அந்தக் கதையில் பொய்யின்றி வாழ்பவன். உயர்குடி உத்தியோகத்தர் அனைவரும் நோயை மறைத்து நடிக்கையில், இவன் ஒருவன் உடலை உடலென ஏற்று அன்போடு பணிசெய்கிறான். வர்க்கப் பார்வை உடையோர் இக்கதையை மீண்டும் மீண்டும் கற்கவேண்டும். ஆயின், தலைப்பே அறிவிப்பதுபோல் இது மரணத்தின் கதை. இவான் இலியிச் திரும்பவும் நீதிமன்றத்துக்குச் செல்லவேண்டியதில்லை. நம் நண்பரோ திங்கட்கிழமை காலை வகுப்புக்குச் செல்லவேண்டும்.

அடுத்தது சோல்செனித்சினின் ‘புற்றுநோய் மருத்துவமனை’. அவருடைய அரசியலோடு நமக்கு உடன்பாடில்லை. எனினும் 1954இல் தாஷ்கெந்தில் தாமே சிகிச்சை பெற்ற ஒருவர் எழுதிய அந்நாவல், பிழைப்பதற்கு உடல் கொடுக்கும் விலையைத் துணிந்து கேட்கிறது. நோயை அடக்கும் மருந்து தன் ஆண்மையையும் பறித்துவிடுமெனில், அவ்வாறு காக்கப்படும் உயிர் எதற்கு என்று கதைத்தலைவன் கொஸ்தகுளோத்தவ் வினவுகிறான். கதிரும் கத்தியும் இடுப்பு நரம்புகளைத் தொடும் மலக்குடல் நோயாளர் பலர் தம் துணையிடமும் வாய்விட்டுக் கேட்காத வினா இது. ஆயின் இந்நாவலிலும் வைத்தியசாலைக்கு வெளியே நாம் காண்பது அவனுடைய ஒரே ஒரு நாளை மட்டுமே. அவன் ரயிலேறியதும் கதை முடிகிறது. அவன் எந்த வேலைக்குப் போனான், உடல் அவ்வேலைக்கு எவ்வாறு ஈடுகொடுத்தது என்பதை நாம் அறியோம்.

தமிழுக்கு வருவோம். புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ நோயையும் வேலையையும் ஒரே நூலிற் கோத்த கதை. நோயுற்ற மனைவியை வீட்டில் தனியே விட்டுத் துணிக்கடைக்குச் செல்லும் பிரமநாயகம் பிள்ளையின் வாழ்வில், நோயின் வேதனையும் சம்பளத்தின் வேதனையும் பிரிக்கவியலாதன. சமையல், பணிவிடை, கடைக்கு ஓடுதல் என நாளின் ஒவ்வொரு நாழிகையும் அங்கே கணக்கிடப்பட்டுள்ளது. இவ்வகையில் அது நாம் தேடுவதற்கு மிக நெருங்கி நிற்கிறது. எனினும் அது செல்லம்மாளின் மூச்சு ஒடுங்கிய கணத்தில் தொடங்கும் கதை. முடிவு முதலிலேயே தீர்மானிக்கப்பட்டுவிட்டது.

இதற்காகப் புதுமைப்பித்தனைக் குறைகூறுவது வரலாறு அறியாமை. அவர் காலத்து நோயாளிக்குப் ‘பின்னர்’ என்பது பெரும்பாலும் இருக்கவில்லை. அவரையே 1948இல் காசநோய் கொண்டுபோயிற்று. மலக்குடற் புற்றுநோயின் வரலாறும் இத்தகையதே. 1908இல் லண்டன் சத்திரசிகிச்சையாளர் ஏர்னஸ்ட் மைல்ஸ் தம் முறையை வெளியிட்டபோது, மலக்குடலையும் ஆசனவாயையும் முழுதாய் அகற்றி நிரந்தரமாக வயிற்றில் வழி திறப்பதே உயிர்காக்கும் வழியாயிருந்தது. 1982இல் ஆங்கிலேயர் பில் ஹீல்ட், மலக்குடலைச் சூழ்ந்த கொழுப்புறையோடு அதனை நுணுக்கமாய் அகற்றும் முறையை விளக்கினார். நோய் மீள்வது குறைந்தது. கருவிகளும் வளர, பலருக்கு ஆசனவாயைக் காத்துக் குடலை இணைப்பதும் இயல்வதாயிற்று. இன்று பிழைப்போர் பலர். பிழைத்தபின் வேலைக்குச் செல்வோரும் பலர். ஆகவே நம் நண்பரின் அவதி வைத்தியத்தின் தோல்வியன்று. அதன் வெற்றியோடு உடன்பிறந்தது. வைத்தியம் மாறியபின்னும் நம் கதைகள் மாறாதிருப்பதே குறை. நோய் வந்தால் ஒன்றில் இறுதி அத்தியாயத்தில் சாவு, அன்றேல் இறுதி அத்தியாயத்தில் சுகம் என்ற இரண்டே முடிவுகளை அவை இன்றும் நம்பியிருக்கின்றன.

‘நோய் என்னும் உருவகம்’ என்ற பொருளில் 1978இல் நூலெழுதிய சூசன் சொண்டாக், புற்றுநோய் வெளியிற் சொல்லக் கூசும் உறுப்புகளைப் பற்றுவதால் அதனைச் சூழ்ந்த நாணம் மிகுவதைச் சுட்டிக்காட்டினார். காசநோயாளி இருமலாம், கவிஞர் அதில் அழகும் காண்பர். குடலில் நோயுற்றவனை வைத்து யாரும் காவியம் பாடுவதில்லை. நம் சூழலில் இந்நாணம் இரட்டிப்பாகிறது. மலத்தைத் தீட்டென்றும், அதனைத் தொடுவோரைத் தீண்டத்தகாதோர் என்றும் வகுத்த சமுதாயம் நம்முடையது. அத்தகைய சமுதாயத்தில் தன் உடலே தனக்கு அடங்காத மனிதன், தானே தீட்டாகிவிட்டதாய்க் குமைகிறான்.

‘இத்தகைய அசிங்கத்தை எழுதுவதும் இலக்கியமோ?’ என்று கேட்போர் உளர். அவர்களுக்கு விடை முன்னரே அளிக்கப்பட்டுவிட்டது. தகழியின் ‘தோட்டியின் மகன்’ சுந்தர ராமசாமியின் தமிழில் நம்மிடம் உண்டு. பெருமாள்முருகன் ‘பீக்கதைகள்’ என்று தலைப்பிட்டே ஒரு தொகுதி தந்தார். எனவே தமிழ் எழுத்துக்கு இப்பொருள் விலக்கன்று. ஆயின் நடுத்தர வர்க்கத்து எழுத்தாளராகிய நாம், தெருவிலும் சேரியிலும் மலத்தைக் காணத் துணிந்த அளவுக்கு, நம் வகுப்பறையிலும் நம் உடலிலும் காணத் துணியவில்லை. பிறருடைய இழிவை எழுதுவது முற்போக்கு. நம்முடையதை எழுதுவது வெட்கம் என்ற இரட்டை அளவுகோல் நம்மிடம் இருக்கிறது.

நம் நண்பரோடு கண்டியில் ஒருமுறை கிளினிக்குக்குச் சென்றிருந்தோம். அதே வரிசையில் தோட்டத்துப் பெண்ணொருத்தி காத்திருந்தார். ஆசிரியருக்கு மாதச் சம்பளமும் லீவும் உண்டு. தூரத்திலேனும் ஒரு மலசலகூடமும் உண்டு. கொழுந்து மலையில் எதுவுமில்லை. அவருக்கு வயிற்றில் நிரந்தரப் பை. பையில் மூன்றிலொரு பங்கு நிறைந்ததும் வெறுமையாக்கவேண்டும் என்று தாதி சொல்லிக்கொடுத்திருக்கிறார். தேயிலைச் செடிகளுக்கிடையில் எங்கே சென்று வெறுமையாக்குவது? எந்த நீரிற் கழுவுவது? கூடை முதுகில், ஈரமும் முள்ளும் படாதிருக்க இடுப்பில் இறுக்கிக் கட்டவேண்டிய படங்கு நேரே பையை அழுத்துகிறது. மருந்தினால் விரல்நுனி வேறு மரத்துப்போயிற்று. மலைநாட்டுக் காலைக்குளிரில் அது இன்னும் மோசம். “கொழுந்து நுனி கைக்குத் தெரியமாட்டேங்குது ஐயா. நிறை கொறஞ்சா அரைப்பேருதான் போடுறாங்க” என்றார்.

‘ஒக்சாலிபிளாட்டின்’ என்ற மருந்து நரம்பைத் தாக்கி விரலை மரக்கச்செய்யும் என்பது வைத்திய நூலில் ஒரு வரி. ‘அரைப்பேர்’ என்பது தோட்டத்துச் செக்ரோலில் ஒரு சொல். இவ்விரண்டும் ஒரு பெண்ணின் விரல்நுனியில் சந்திக்கும் இடத்தை எழுதுவது இலக்கியத்தின் வேலை. லூல்கந்துரையில் 1867இல் தேயிலை பயிரிடத் தொடங்கிய இதே கண்டி மாவட்டத்தில், அன்று முதல் இன்றுவரை அத்தொழில் பெண்களின் விரல்களை நம்பியே நிற்கிறது. மலையகச் சிறுகதை அவ்விரல்களைப் பாடியிருக்கிறது. என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ நம் இலக்கியத்தின் பெருமை. கூடையின் நிறையை எழுதிய மரபு, மரத்த விரலையும் எழுத வல்லது. அதனால்தான் அம்மரபிடம் இதனை உரிமையோடு கேட்கிறோம்.

மன உறுதி இருந்தால் எதனையும் வெல்லலாம் என்போர் ஓவியர் மத்தீஸை எடுத்துக்காட்டுவர். 1941இல் லியோன் நகரில் வயிற்றுச் சத்திரசிகிச்சைக்கு ஆளான அவர், படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தவாறே வண்ணத்தாள்களைக் கத்தரித்து மாபெரும் படைப்புகளை ஆக்கினார். இது மெய். ஆயின் தாள்களுக்கு வண்ணம் பூசியவரும், வெட்டியவற்றைச் சுவரில் ஏற்றிப் பொருத்தியவரும் அவருடைய உதவியாளர் என்பதும் மெய். அவருடைய தொழில் அவர் உடலுக்கேற்ப வளைந்துகொடுத்தது. கொழுந்து மலை வளைவதில்லை. பாடசாலை மணியும் வளைவதில்லை. மன உறுதியைப் புகழும் எழுத்து இந்த வேறுபாட்டை மறைக்குமாயின், அது நோயாளியை ஊக்குவிப்பதாய்ச் சொல்லிக்கொண்டு முதலாளிக்கே துணைபோகிறது.

நாம் சிறுகதைப் போட்டிகளுக்கு நடுவராயிருந்ததுண்டு. புற்றுநோயாளி இறுதிப் பக்கத்தில் புன்னகையோடு உயிர்விடும் கதைகளுக்கு ‘மனத்தை உருக்குகிறது’ என்று எழுதிப் பரிசளித்திருக்கிறோம். அதே தவணையில், உயிரோடிருந்த ஒருவர் வகுப்பை விட்டு ஓடுவதைக் குறையாகவும் கூறினோம். இவ்விரு செயல்களும் ஒன்றோடொன்று தொடர்புடையன என்று இன்று உணர்கிறோம். சாகும் நோயாளிக்காக அழுவதற்கு நம்மைப் பழக்கிய கதைகள், பிழைத்த மனிதனோடு வேலைசெய்வதற்கு நம்மைப் பழக்கவில்லை.

மீண்டும் நன்னூலுக்கு வருவோம். இலக்கணம் இடக்கரடக்கலை வழக்கினுள் வைத்தது; மௌனத்தினுள் வைக்கவில்லை. சபையிலிருக்கும் ஒருவன் தன் தேவையைக் கூசாமல் சொல்லிவிட்டுச் செல்லவும், கேட்போர் முகஞ்சுளிக்காமல் வழிவிடவும் அமைந்த நாகரிகம் அது. சொல்லை மாற்றியதன் நோக்கம், செய்தி போய்ச்சேர வேண்டும் என்பதே. நாமோ சொல்லை மட்டுமன்றிச் செய்தியையும் அடக்கிவிட்டோம். சொல்லப்படாத தேவை கோரிக்கையாவதில்லை, கோரிக்கையாகாதது உரிமையாவதுமில்லை. கொழுந்து மலைக்கருகே ஒரு மலசலகூடமும் நீர்க்குழாயும், சிகிச்சையிலிருந்து மீண்டவருக்கு இலகுவான வேலை, அதற்கு முழுப்பேர் என்னும் எளிய நியாயங்கள் எவருடைய மேசைக்கும் போகாமைக்கு நம் பேனாவின் கூச்சமும் ஒரு காரணம்.

நம் பாடசாலையில் நடந்தது சிறிய மாற்றமே. நண்பருக்கு முதற்பாடவேளை இப்பொழுது இல்லை. மலசலகூடத்துக்கு அருகிலுள்ள அறை அவருடைய வகுப்பாயிற்று. சாவி அலுவலக மேசையிலிருந்து அவருடைய சட்டைப்பைக்கு மாறியது. இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியும் வைத்தியர் தந்த மாத்திரையும் நேரத்துக்கு உணவும் ஓரளவு கைகொடுக்கின்றன. சென்ற வாரம் ஒரு தேற்றத்தைத் தொடங்கி, இடையில் எழாமல் நிறுவி முடித்தாராம். உயர்தர வகுப்பில் மாணவர் சிறந்த பெறுபேறு பெற்றபோதுகூட அவர் முகத்தில் அத்தகைய மகிழ்ச்சியை நாம் கண்டதில்லை.

அந்த நாற்பது நிமிடம் ஒரு சிறுகதைக்குப் போதும். அவர் கேட்ட கதையை நம் எழுத்தாளருள் எவரேனும் எழுதுவாராயின், அது இரங்கத்தக்கவனின் கதையாய் அன்றி, தொழில் செய்யும் மனிதனின் கதையாய் அமைதல் வேண்டும். அக்கதை வரும்வரை, தகுதிவழக்கைக் கற்பிக்கும் நாளில் நாம் முன்போல் விரைந்து கடந்துவிடப்போவதில்லை.