நாள்பட்ட தேறல்

காட்டுப்பள்ளி, பழவேற்காட்டுக் கரையோரப் பனையின் கள்ளுக்குப் பொறுமை கிடையாது. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறக்கும்போதே நுரைத்திருக்கும், சாயங்காலம் கடுக்கும், மறுநாள் காடிதான். (1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை என்பதால் இதையும் நினைவிலிருந்தே பேச வேண்டியிருக்கிறது.)

ஆனால் நம் பழம்புலவர்கள் முதிர்ந்த மதுவையும் அறிந்தவர்கள். பாரியின் பறம்பு நாட்டைப் பாடும் கபிலர், மண்ணுக்குள் புதைத்து முதிரவைத்த தேறலைச் சொல்கிறார். ஔவையாருக்கோ நாள்பட்ட தேறல் தேள் கொட்டியது போலக் கடுக்கிறது. நிலத்தடியில் வெயில் இல்லை, சூடு ஏறி இறங்குவதில்லை. இன்றைய கிராஃப்ட் பியர் பிரியர்கள் நிலவறையில் சுமார் 12 டிகிரியில் புட்டிகளை அடுக்குவதும் இதற்காகத்தான்.

எல்லா பியரும் இப்படி முதிர்வதைத் தாங்காது. முதலில் மங்குவது ஹாப்ஸின் வாசம். பிறகு கசப்பும் தணியும். ஆக்சிஜன் புகுந்தால் லேசான பியரில் நனைந்த அட்டை வாடை. அதே ஆக்சிஜன், 8 சதவீதத்துக்கு மேல் மதுச்சத்துள்ள கறுத்த ஸ்டவுட்டிலும் பார்லி வைனிலும் உலர்திராட்சை, பேரீச்சை, ஷெர்ரி மணமாக மாறுகிறது. புட்டிக்குள் உயிருள்ள ஈஸ்ட் இருந்தால் அது ஆக்சிஜனைக் கொஞ்சம் உறிஞ்சி முதுமையை நிதானப்படுத்தும்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் மே மாத வெயிலில் காயும் இரும்புக் கன்டெய்னர் நிலவறைக்கு நேர் எதிர். அங்கே பியர் முதிர்வதில்லை, வேகிறது. ஹாப்ஸ் மணக்கும் பியரை எங்கும் சேமிக்காமல், வாங்கிய வாரமே குடித்துவிடலாம்.