நீலப்பூவும் பெயர்களும்

புதுக்கவிதையில் 'ஒரு நீலப்பூ' என்று வரும்போதெல்லாம் எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. எந்தப் பூ? கவிஞருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதில்லை என்றும் அவர் நினைக்கிறார். இந்த அசிரத்தைக்கு ஒரு மேற்கத்திய வம்சாவளி உண்டு. நோவாலிஸ் இறந்த மறுவருஷம், 1802ல், வெளியான அவருடைய முற்றுப்பெறாத நாவலில் வரும் நீலப்பூவுக்குத் தாவரப் பெயர் கிடையாது. அங்கே அது நியாயம். கனவில் தோன்றித் தேடலாகவே நின்றுவிடுகிற பூ. பெயர் வைத்தால் கைக்குக் கிடைத்துவிடும். நம்மவர்கள் தேடலை விட்டுவிட்டுப் பெயரின்மையை மட்டும் இறக்குமதி செய்துகொண்டார்கள்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்கள் 99 என்பது வழக்கமான கணக்கு. பட்டியல் கவிதையாகுமா? பல இடங்களில் ஆகவில்லை என்பதே என் அபிப்பிராயம். ஓசை முன்னே ஓட, பெயர்கள் பின்னால் இழுபடுகின்றன. ஆனால் செருவிளையும் கருவிளையும் அடுத்தடுத்து வரும் இடத்தைப் பாருங்கள். முன்னது வெண்காக்கணம், பின்னது நீலம். நாம் சங்குப்பூ என்கிற அதே கொடி. செருவிளைக்கு அடைமொழி இல்லை. கருவிளைக்கு மட்டும் நீலமணியின் சாயலைத் தருகிறார். பெயர் கருமை என்கிறது, கண் நீலம் என்கிறது. அந்த இடைவெளியில் ஒரே ஒரு அடைமொழி வேலை செய்கிறது. பெயரை விட்டுவிட்டவனுக்கு இந்த வேலை வாய்க்காது.

காயாவின் கதை வேறு. திருமாலின் நிறத்துக்கு உவமையாகிப் போனபின் பூ மறைந்து வண்ணம் மட்டும் மிஞ்சிவிட்டது. பக்தி இலக்கியத்தை ரசிக்கிறவர்களில் எத்தனை பேர் காயாவைச் செடியில் பார்த்திருப்பார்கள்?

அதற்காக, நாட்டுப் பெயர் ஒவ்வொன்றும் ஒரு தரிசனம் என்று உருகுவதும் எனக்கு உவப்பில்லை. கானாம்வாழை என்ற பெயரில் பூவைப் பற்றி ஒரு சொல் கிடையாது. கீரைக்குப் பறித்தவர்கள் வைத்த பெயராக இருக்கலாம். பூவைப் பார்த்தவர் லின்னேயஸ். அந்த இனத்துக்குக் கொம்மெலின் குடும்பத்தின் பெயரை வைத்து, காரணமும் சொன்னார்: எடுப்பான இரண்டு இதழ்கள் பேர்பெற்ற இரு தாவரவியலாளர்கள், சிறுத்த மூன்றாவது, எதையும் சாதிக்குமுன் இறந்துபோன இன்னொருவர். பரிகாசம்தான், ஆனால் இதழிதழாகப் பார்த்தவனின் பரிகாசம். காலையில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கிவிடுகிற இந்தப் பூவைப் பார்த்து எழுதிய புதுக்கவிதை எதுவும் இதுவரை என் கண்ணில் படவில்லை.